அறுபது மான்களும் ஒரு வெள்ளரித் தோலும்

என் வீட்டுக்காரர் யார் என்று எங்கள் குடியிருப்பில் கேட்டுப் பாருங்கள், "யாரு, அந்த மான்காரரா?" என்பார்கள். மான் வளர்ப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியில் அடிபட்டுச் செத்த மானைச் சாலையிலிருந்து அள்ளுகிறவர். நகராட்சித் துப்புரவுப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறார், அதில் கடைசிப் பதினோரு வருடமும் இந்த ஒரே வேலைதான். மற்றவர்கள் எல்லாம் ஆளை விட்டால் போதும் என்று நழுவியபோது, "சரி, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன ஒரே ஆள் இவர். அன்றைக்கு நான் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வாயைப் பொத்தியிருப்பேன்.

எங்கள் வீடுகள் காட்டை ஒட்டிய சரிவில் இருக்கின்றன. அந்தக் காட்டில் மானை அடித்துத் தின்ன ஒரு விலங்கும் கிடையாது. இந்தப் பக்கம் பார்த்தால் வீட்டுக்கு வீடு தோட்டம், புல்வெளி, ரோஜாச் செடி. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி மான்கள் வந்து தின்றன, பெருகின, மறுபடி வந்து தின்றன. நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு மானைப் பார்த்தால் தெருவே கூடி நிற்கும். இப்போது குப்பை போட வாசலுக்கு வந்தால் நாலு நிற்கின்றன, நகரக்கூட மாட்டேன் என்கின்றன. முந்நூறைத் தாண்டிவிட்டது என்றார்கள்.

காலை ஐந்து மணிக்கு இவர் கிளம்பிவிடுவார். ஒரு தார்ப்பாய், கையுறை, ஒரு வாளி சுண்ணாம்புத் தூள், ஒரு குட்டி நோட்டு, இவ்வளவுதான் சாமான். வண்டி ஓட்டுகிறவருக்கு 'ஸ்பீடு' என்று பெயர். இருபதுக்கு மேல் அந்த மனிதருக்கு வண்டியின் வேக முள் ஏறாது, அதனால் வைத்த பெயர். இருவருமாக மானைத் தார்ப்பாயில் உருட்டி, தூக்கி ஏற்றி, ரத்தம் கிடந்த இடத்தில் சுண்ணாம்பு தூவிவிட்டு வருவார்கள். எந்த இடம், ஆணா பெட்டையா, வயிற்றில் குட்டி உண்டா என்று இவர் நோட்டில் எழுதிக்கொள்வார். குட்டி இருந்த அன்றைக்கு வீட்டில் பேச்சே இருக்காது. வாசல் குழாயில் முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நானும் கேட்க மாட்டேன். கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாரா, கல்லுளிமங்கன்!

பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். ஒருமுறை சமையலறைக் குழாய் ஒழுகியது. குழாய்க்காரரைக் கூப்பிடலாம் என்றேன். "நானே பாக்கிறேன்" என்றார். நான்கு ஞாயிற்றுக்கிழமை பார்த்தார். நான்கு வாரமும் குளியலறையிலிருந்து குடத்தில் தண்ணீர் தூக்கியது நான். ஐந்தாவது ஞாயிறு ஒழுகல் நின்றது, இன்றுவரை ஒரு சொட்டு விழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சமையலறைக் கதவின் பின்பக்கம் எங்கள் குடியிருப்பின் வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார். கூடத்தில் மாட்ட நான் விடவில்லை. ஒரு மான் செத்தால் அதில் ஒரு சிவப்புக் குண்டூசி. ஊரெல்லாம் அங்கொன்று இங்கொன்றாகக் கிடந்த ஊசிகள், எங்கள் வீட்டுப் பின்வேலிக்கு வெளியே போகும் வளைவுச் சாலையில் மட்டும் கும்பலாக நின்றன. ஒரே வருடத்தில் பத்தொன்பது. அந்த வளைவுக்கு மேலே தண்ணீர்த் தொட்டி மைதானம், அதற்கும் மேலே காடு. வேகத்தடை இரண்டு போடச் சொல்லி நகராட்சிக்கு நடையாக நடந்து போடவும் வைத்தார். அப்புறமும் செத்தன. "இந்த எடத்துல மட்டும் ஏன் இப்படி ஓடி வருது?" என்று கதவைப் பார்த்துக்கொண்டே தோசைக்கரண்டி மாதிரி தலையை ஆட்டுவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் அந்த வளைவில் தையல்காரம்மாவின் ஸ்கூட்டர் மீது ஒரு மான் பாய்ந்தது. அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் தையல் மெஷின் மேல் துணி போர்த்திக் கிடந்தது. அதற்குப் பிறகுதான் நகராட்சி விழித்துக்கொண்டு கூட்டம் போட்டது.

கூட்டத்தில் ஒரே கூச்சல். ரோஜாவைப் பறிகொடுத்த பேங்க்காரர் ஒரு பக்கம் கத்தினார், பாவம் வாயில்லா ஜீவன் என்று இன்னொரு பக்கம் கத்தினார்கள். தையல்காரம்மா ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் நகராட்சித் தலைவி மைக்கைப் பிடித்தார். வெளியிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் வருவார்கள், மூன்று நாளில் இருநூறு மானைச் சுட்டுவிடுவார்கள் என்றார்.

"ஏத்திட்டுப் போக ரெண்டு வண்டி கூடுதலா குடுத்துடறோம்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் இருந்த இவரைப் பார்த்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

இவர் எழுந்தார். கல்யாண வீட்டில் பந்திக்கு வாருங்கள் என்று நாலு பேரைக் கூப்பிடக்கூடக் கூச்சப்படுகிற மனிதர்.

"வண்டி தூக்காதும்மா. ஆள்தான் தூக்கணும்" என்றார். "பதினோரு வருஷமா ஒன்னு ஒன்னா தூக்கறேன். இருநூறை ஒரே வாரத்துல என்னால தூக்க முடியாது. கை வலிக்கும்னு சொல்லல." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

பிறகு முன்வரிசையிலிருந்து கால்நடை டாக்டரம்மா எழுந்து, இன்னொரு வழி இருக்கிறது என்றார். பெட்டை மான்களுக்குக் கருத்தடை ஊசி போடலாம். துப்பாக்கி மாதிரி ஒன்றால் மயக்க ஊசி அடித்து, மான் விழுந்ததும் கருத்தடை மருந்தை ஏற்றி, காதில் மஞ்சள் அடையாள வில்லை மாட்டி விட்டுவிட வேண்டும். ஆனால் இனச்சேர்க்கைக் காலத்துக்கு முன்பே முடிக்க வேண்டும், ஆறு வாரம்தான் இருக்கிறது, குறைந்தது அறுபது பெட்டைக்குப் போட்டால்தான் பலன் தெரியும் என்றார்.

"சரி, அறுபது" என்றார் தலைவி. "ஒன்னு கொறஞ்சாலும் துப்பாக்கிதான். அப்புறம் யாரும் என்கிட்ட வந்து அழக்கூடாது."

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்: "ஏங்க, அறுபது ஆகலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"வேலைய எழுதிக் குடுத்துடுவேன்."

"குடுத்துட்டு?"

"தெரியல. ஆனா தூக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிற ஆள் என்பதால்தான் எனக்குப் பயம். ஐம்பத்தோரு வயதில், ஒரு தோள் சரியாகத் தூக்க வராத மனிதர், இந்த வேலையை விட்டால் வேறெதுவும் தெரியாதவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் இரண்டே மாதத்தில் உதிர்ந்துபோவார்.

மறுநாளே வேலை ஆரம்பமானது. தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் தீனி வைத்து, மறைப்புக்குப் பின்னால் டாக்டரம்மா உட்கார்ந்திருப்பார். வீடுகளுக்கு நடுவே ஊசி அடிக்கக் கூடாது, குறி தப்பினால் ஆள்மேல் பட்டுவிடும் என்று கண்டிப்பான உத்தரவு. விழுந்த மானைத் தூக்கிப் பாயில் கிடத்துவதும், கண்ணைத் துணியால் மூடிப் பிடித்துக்கொள்வதும், எழுந்து நடக்கும்வரை காவல் இருப்பதும் இவரும் ஸ்பீடும்.

முதல் நாள் வீட்டுக்கு வந்தவர் வாசல் குழாயில் கை கழுவாமல் நேராக உள்ளே வந்தார். "என்னங்க, கை கழுவல?" என்றேன். உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குத் தூக்கினது சூடா இருந்துச்சு" என்றார்.

இருபத்து நாலு வருடக் குடித்தனத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. சட்டென்று திரும்பிக்கொண்டு அடுப்பில் பாலைப் பார்க்கிற மாதிரி நடித்தேன். அழுகை வந்துவிட்டது.

மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு. வரைபடத்தில் பெட்டைக்கு ஒன்றாக மஞ்சள் குண்டூசிகள் ஏற ஆரம்பித்தன. நான்காவது வாரம் மூன்றே மூன்று. நாற்பத்தொன்றோடு அப்படியே நின்றுபோனது. விடியற்காலை நாலு மணி நேரம் மறைப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு வருவார்கள்.

"கீழே வீடுகள்ல யாரோ தீனி போடறாங்க" என்றார் டாக்டரம்மா. "வீட்டு வாசல்ல வயிறு நெறஞ்சா, அது எதுக்கு இங்க ஏறி வரும்?"

மறுநாளிலிருந்து இவர் வீடு வீடாக ஏறினார். வேலை முடிந்த கையோடு, சாப்பிடாமல். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். நாங்களா, சேச்சே, பக்கத்து வீட்டில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் இந்த வீட்டைக் கை காட்டினார். நகராட்சிச் சட்டையைப் பார்த்ததும் ஊருக்கே ஞாபக மறதி வந்துவிட்டது. மூன்று வீடு தள்ளியிருக்கும் இவருடைய சொந்த அக்கா, என் அண்ணி, வாசல்படியை விட்டு இறங்காமலே, "ஏன் தம்பி, என்னையே சந்தேகப்படறியா? உன்னத் தூக்கி வளத்த கை இது!" என்று ஒரு பாட்டம் அழுது அனுப்பினார்.

ஊரில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் இவர் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில்.

சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன். நானும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வருடமாக, தினமும், இவர் வேலைக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் கழித்து. காய்கறித் தோல், கோஸ் இலை, காரட் தலை எல்லாவற்றையும் பழைய அலுமினியச் சட்டியில் சேர்த்து வைத்து, பின்வேலி ஓரம் கொட்டி, சட்டியைக் கரண்டியால் டக் டக்கென்று தட்டி உதறுவேன். வளைவுச் சாலையைத் தாண்டி மான்கள் ஓடி வரும். ஒரு காது பாதி அறுந்த பெட்டை ஒன்று முதலில் வரும், அதற்கு அரைக்காது என்று பெயர் வைத்திருந்தேன். அதன் குட்டி, சின்னவள், என் கையிலிருந்தே தின்னும்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். நானே என்னைக் கேட்டிருக்கிறேன். இவர் நாளெல்லாம் செத்ததைத் தூக்குகிறார், உயிரோடிருக்கிறதுக்கு நானாவது ஒரு கை போட்டால் எங்கள் வீட்டின் மேல் அந்தப் பாவம் படியாது என்று நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான். கதவுக்குப் பின்னால் பத்தொன்பது ஊசி குத்தியிருக்கிறது, வளைவு என்றால் வேகமாகத்தான் வருவார்கள் என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே மைதானத்தில் இவர் மானுக்காகத் தவம் கிடந்த அதே நேரத்தில், கீழே நான் சட்டியைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாளை நிறுத்துகிறேன், நாளை நிறுத்துகிறேன் என்றே நான்காவது வாரமும் ஓடிவிட்டது.

பதின்மூன்று நாள் மிச்சமிருந்தபோது, ஒரு காலை, இவர் வழக்கமான நேரத்துக்கு முன்பே வந்தார். வாசல் குழாயில் சோப்புப் போடும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, இரண்டு, மூன்று. செத்த மான் என்று புரிந்துகொண்டேன்.

உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு வெள்ளரித் தோல் இருந்தது. நுனியிலிருந்து அடிவரை எங்கும் அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவிய தோல். அப்படிச் சீவுகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். கல்யாணமான புதிதிலிருந்து இவர் கேலி செய்வார், "வெள்ளரிக்கு ஏன் சட்டை கழட்டி மடிச்சு வெக்கிற?" என்று.

"வளைவுல கெடந்துச்சு. ஒரு வயசுப் பெட்டை" என்றார். "வாயில இது தொங்கிட்டிருந்துச்சு."

சின்னவள். அன்று காலை கடைசியாகத் தின்றுகொண்டு நின்றவள், யாரோ ஹார்ன் அடித்ததும் தோலோடு ஓடினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தமும் கேட்டது. கேட்காத மாதிரி உள்ளே வந்து பாத்திரம் தேய்த்தேன்.

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கும் வாய் இருக்கிறது. இவர் கதவருகே போய் வரைபடத்தின் வளைவில் இருபதாவது சிவப்பு ஊசியைக் குத்தினார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா."

"எல்லா வீட்லயும் கேட்டேன்" என்றார். "இந்த வீட்ல கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

அதற்குப் பதில் நான்கு அறை அறைந்திருக்கலாம். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுது பார்த்தேன், அதுவும் சரியாக வரவில்லை. இவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். பகல் பதினோரு மணிக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த மனிதரைப் பார்த்ததும்தான் எனக்கு வெறி வந்தது. என் மேலேயே வந்த வெறி. இந்த மனிதர் வேலையை எழுதிக் கொடுக்க நான் காரணமாக இருக்கக்கூடாது. அறுபது ஆகியே தீர வேண்டும்.

சாயங்காலம் எழுப்பினேன். "சட்டை மாத்துங்க. கிளம்பலாம்."

"எங்க?"

"வீடு வீடா. இந்தத் தடவை நான் பேசறேன். அந்த நகராட்சிச் சட்டை வேணாம், சாதாரணச் சட்டை போடுங்க."

முதல் வீடு அண்ணி வீடு. எங்களைப் பார்த்ததும் முந்தானையை எடுத்தார், அழுவதற்குத் தயாராக.

"அண்ணி, அழறதுக்கு முன்னாடி இதக் கேளுங்க" என்றேன். "நான் ரெண்டு வருஷமா மானுக்குப் போட்டேன். இவருக்கே தெரியாம. இன்னிக்குக் காலைல அதுல ஒன்னு நான் போட்ட தோலோட வளைவுல செத்துச்சு. இவருதான் அள்ளினாரு."

அண்ணிக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடிப்பாவி!" என்றார். பிறகு முந்தானையைக் கீழே விட்டுவிட்டு, "நானும்தான் போடறேன். ரொட்டி, ஆப்பிள் எல்லாம் போடறேன். நீ சீவற தோலையா போடற? அதான் எல்லாம் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுலயே ஓடிட்டு கெடக்குதா?" என்றார்.

"சிரிக்காதீங்க அண்ணி."

"சிரிக்கலடி, பயமா இருக்கு. எத்தனை செத்துச்சு அங்க?"

"இருபது" என்றார் இவர். அன்றோடு அண்ணி ரொட்டி போடுவதை நிறுத்தினார். நிறுத்தியதோடு விடாமல் எங்களோடு அடுத்த வீட்டுக்கும் கிளம்பிவிட்டார், அவரை யார் தடுப்பது.

எல்லா வாசலிலும் அதே வாக்கியத்தைச் சொன்னேன். நான் போட்டேன், ஒன்று செத்தது. எட்டாவது வீடு வருவதற்குள் எனக்கு வெட்கம் தேய்ந்துபோய்விட்டது. அந்தச் சட்டையிடம் பொய் சொன்னவர்கள் என்னிடம் பொய் சொல்லவில்லை. "அது வந்து, எப்பவாவது…" என்று ஆரம்பித்தார்கள். ரோஜாவுக்காகக் கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தினாரே பேங்க்காரர், அவர் திருதிருவென்று முழித்தார். ரோஜாப் பக்கம் வராமல் இருக்கட்டும் என்று பின்பக்கம் தினமும் ஒரு கூடை சோளம் போட்டு வந்திருக்கிறார்! மான்களுக்கு முதலில் சோளம், பிறகு ரோஜா. எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தையல்காரம்மா வீட்டில் மட்டும் அதைத் தலைகுனிந்துதான் சொன்னேன். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு என் கையைப் பிடித்தார். "இப்பவாவது சொன்னியே" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான்கு சாயங்காலம் நடந்தோம். நூற்றுப் பன்னிரண்டு வீடு. முப்பத்தேழு வீட்டில் தீனி போட்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் விடியலில் மைதானத்துக்கு மூன்று பெட்டை ஏறி வந்தன. மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் நாலு. ஐம்பது, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று மஞ்சள் ஊசி ஏற ஏற இவருடைய நடையே மாறியது. ஸ்பீடுகூட ஒருநாள் முப்பதில் ஓட்டினாராம்.

அரைக்காது மட்டும் மைதானத்துக்குப் போகவில்லை. தினமும் விடிந்ததும் வேலிக்கு வெளியே வந்து நின்றது, பக்கத்தில் சின்னவள் இல்லாமல். நான் கையை வீசினேன், போகவில்லை. கத்தினேன், காதை மட்டும் அசைத்தது. துரத்துவதற்கென்று அலுமினியச் சட்டியை எடுத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். ஓடுவதற்குப் பதில் வேலியை ஒட்டி இன்னும் நெருங்கி வந்து முகத்தை நீட்டியது. இரண்டு வருடமாக அந்தச் சத்தத்துக்குத்தானே அதைப் பழக்கியிருக்கிறேன்! சட்டியைப் போட்டுவிட்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

கடைசி நாள் காலை ஏழு மணிக்கு ஐம்பத்தொன்பது. எட்டு மணிக்கும் ஐம்பத்தொன்பது. ஒன்பதுக்கு மேல் மான் காட்டுக்குள் போய்விடும், பிறகு வராது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று ஸ்பீடு போனில் சொன்னார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேலிக்கு வெளியே அரைக்காது நின்றது.

ஒரு வெள்ளரிக்காயை எடுத்தேன். ஒரே சுருளாகச் சீவினேன். அவசரத்தில் இரண்டு தடவை அறுந்தது, மூன்றாவது காய்தான் சரியாக வந்தது. சட்டியில் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். போனில் ஸ்பீடிடம், "அவர வளைவுக்கு வந்து ரெண்டு பக்கமும் வர்ற வண்டிங்கள நிறுத்தச் சொல்லுங்க. நான் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

டக், டக். நான் முன்னால் நடந்தேன், அது பின்னால் வந்தது. வளைவில் இவர் சாலை நடுவே இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தார், தூக்க வராத தோளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு. இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. ஒருவர் ஹார்ன் அடித்தார், இவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அதுவும் நின்றது. சின்னவள் விழுந்த சுண்ணாம்புத் தடத்தை நானும் அரைக்காதும் தாண்டினோம்.

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கியது. தட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. மைதானத்தின் நடுவே சட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினேன். அரைக்காது குனிந்தது. மறைப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சத்தம். அது துள்ளித் திரும்பி, நேராக என்னைப் பார்த்தது. ஓடவில்லை, என் பக்கமாக நாலு அடி வந்தது. பிறகு முன்னங்கால் மடிந்தது.

இவர் ஓடி வந்து தூக்கினார். கண்ணை மூடும் துணியை என் கையில் கொடுத்தார். நான் அதன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். மருந்து ஏற்றி, அறுபடாத காதில் வில்லை மாட்டி, "அறுபது" என்றார் டாக்டரம்மா. ஸ்பீடு கை தட்டினார். நாங்கள் இருவரும் தட்டவில்லை. இவர் அதன் விலாவில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் கையை எடுத்து அதன் மேல் வைத்தார். சூடாக இருந்தது, மூச்சு ஏறி இறங்கியது.

துப்பாக்கி வரவில்லை. இவர் வேலையை எழுதிக் கொடுக்கவில்லை. முந்நூறு மானும் ஒரே நாளில் குறைந்துவிடாது, நாலைந்து வருடம் ஆகும், அடுத்த வருடமும் ஊசி போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். இவர் சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னலோரம் இவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். விடிந்து வெளிச்சம் வந்ததும் அரைக்காது வந்து வேலிக்கு வெளியே நின்றது, காதில் மஞ்சள் வில்லையோடு, ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்தப் பக்கம் வளைவில் ஒரு கார் போனது. அது நகரவில்லை, என் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

இவர் தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் வெளியே போனேன். என்னைப் பார்த்ததும் கழுத்தை நீட்டியது. தோட்டத்து ஓரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்தேன். முதல் கல் பக்கத்தில் விழுந்தது, அது குனிந்து முகர்ந்து பார்த்தது, தீனி என்று நினைத்து. இரண்டாவது கல் விலாவில் பட்டது. ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வளைவைத் தாண்டி, மேடேறி, காட்டுக்குள் போய்விட்டது. அப்புறம் வரவே இல்லை.

கை தவறிப் பட்டுவிட்டது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். நான் குறி பார்த்துத்தான் எறிந்தேன்.